கோட்டையும் சாலையும்: திருவனந்தபுரத்துக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எங்கள் குடும்பம் கோட்டாற்றிலிருந்து வந்து சாலையில் பாத்திரக்கடை வைத்த குடும்பம். வீடு கரமனையில். நாகர்கோவில், வள்ளியூர், தென்காசிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பத்மநாபசுவாமியைப் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு ஃபோன் வரும். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

அண்ணாச்சி, கோட்டை கோட்டைன்னு சொல்றீங்க, அங்க கோட்டையே காணலியே?

செஞ்சி மாதிரி மலைமேல் ஒரு கோட்டையைத் தேடினால் கிடைக்காது. இது கோயிலையும் கொட்டாரத்தையும் (அரண்மனை) சுற்றி எழுப்பிய மதில். மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729 முதல் 1758 வரை) காலத்திலும், அவருக்குப் பின் வந்த தர்மராஜா காலத்திலும் கட்டி எழுப்பியது. பத்மநாபபுரத்திலிருந்து தலைநகர் இங்கே மாறியதும் தர்மராஜா காலத்தில்தான். மதிலில் பல இடங்கள் போய்விட்டன. கிழக்கே கோட்டை வாசல், மேற்கே கோட்டை வாசல், தெற்கே வெட்டிமுறிச்ச கோட்டை, இடையிடையே நீளமான மதில் துண்டுகள் நிற்கின்றன. 'வெட்டிமுறிச்ச' என்றால் மதிலை வெட்டித் திறந்த வழி.

பேருந்துக்காரர் "கிழக்கேகோட்டா" என்று கூவும்போது இறங்குங்கள். வெள்ளை வாசலுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் கோட்டைக்ககம், அதாவது கோட்டைக்குள். இந்தப் பக்கம் இருப்பது சாலை.

சாலைன்னா எந்த ரோடு? நாலு பேர்கிட்ட கேட்டேன், நாலு பேரும் சிரிச்சாங்க.

இங்கே சாலை என்பது ஊர்ப்பெயர். கிழக்கே கோட்டை வாசலுக்கு எதிரே தொடங்கி ஆரியசாலை வழியாகக் கிள்ளிப்பாலம் வரை ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளும் கடைத்தெருவும், அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரியும் சந்துகளும் சேர்ந்தது சாலை. சாலைக் கம்போளம் என்பார்கள். கம்போளம் என்றால் சந்தை.

இன்னும் சில சொற்கள் நம்மவர்களை ஏமாற்றும். 'நடை' என்றால் கோயில் வாசல்; "நடை அடச்சு" என்றால் சன்னதி சாத்தியாகிவிட்டது. கல்லறை என்ற சொல்லுக்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

கோட்டை, சாலை ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானே, என்ன பெரிய வித்தியாசம்?

ஒரு தெருவைக் கடந்தால் போதும், காதுக்கே தெரியும். கோட்டைக்குள் காலையில் சங்கும் மணியும் கேட்கும், செருப்பில்லாமல் நடக்கிறவர்கள், ஓட்டு வீட்டுத் திண்ணைகள். சாலையில் சுமட்டுத் தொழிலாளிகள் தலையில் மூட்டையோடு "மாறு, மாறு" என்று வழி கேட்டு ஓடுவார்கள். கொத்தமல்லி, வத்தல், கற்பூரம், கயிறு, தகரம் எல்லாம் கலந்து மணக்கும்.

ஆனால் ஒன்றில்லாமல் மற்றது இல்லை. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிக்கொடுத்தார். அதைத் திருப்படிதானம் என்பார்கள். அதன்பின் மன்னர்கள் பத்மநாபதாசர் என்ற பெயரில்தான் ஆண்டார்கள். தலைநகரும் இங்கே வந்த பிறகு கோயிலுக்கும் ஊட்டுப்புரைகளுக்கும் (இலவசச் சோறு போடும் கூடங்கள்) கொட்டாரத்துக்கும் தினம் அரிசி, தேங்காய், பூ, வாழையிலை, எண்ணெய் வேண்டியிருந்தது. திவான் ராஜா கேசவதாஸ் கரமனை ஆற்றுக்கும் கிள்ளியாற்றுக்கும் பாலம் போட்டு, தெற்கிலிருந்து வண்டிகள் வர வழி செய்து, சாலையைச் சந்தையாக்கினார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. அவர் விளவங்கோடு பகுதியில் பிறந்தவர், நம்ம பக்கத்து ஆள். என் தாத்தா வெண்கல உருளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததும் அதே தெற்கு வழியில்தான்.

அங்க தமிழ் பேசினா புரியுமா? மலையாளம் சுத்தமா வராதே.

சாலையில் தாராளமாகப் புரியும். பல கடைகளில் கல்லாவில் இருப்பவரே தமிழர். கருப்பட்டிக்கடை என்று ஒரு முக்குக்கே பெயர். சபாபதி கோயில் தெரு என்று இன்னொன்று. கோட்டைக்குள்ளும் புத்தன் தெரு (புத்தன் என்றால் புதிய), இரட்டைத் தெரு என்று அக்ரகாரங்கள் உண்டு. அந்த வீடுகளில் பேசுவதும் ஒரு தமிழ்தான். 'வாங்கோ' என்று தொடங்கி 'கேட்டேளா' என்று முடியும், நடுவில் பாதி மலையாளம் இருக்கும்.

தமிழ்க்காரங்க அங்க பிழைக்கப் போனவங்கதானே?

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது என் வழக்கம். 1956 நவம்பர் 1 வரைக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரின் பகுதிகள், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதிகள். நாகர்கோவில்காரர் திருவனந்தபுரம் வருவது வெளியூருக்குப் போவதாகவே இருக்கவில்லை, தன் நாட்டின் தலைநகருக்கு வருவது. வழக்குக்கும் படிப்புக்கும் வேலைக்கும் வியாபாரத்துக்கும் இங்கேதான் வரவேண்டும். எல்லைக் கோடு பிறகு வந்தது. களியக்காவிளையில் ஒரு சோதனைச்சாவடி வந்தது, அதற்காகச் சொந்தபந்தம் அறுந்துவிடவில்லை.

வந்தவர்களும் ஒரே வகை இல்லை. கோயில் காரியத்துக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் வந்த பிராமணர்கள் கோட்டைக்குள்ளும் கரமனையாற்றின் கரையிலும் குடியேறினார்கள். வெள்ளாளர், செட்டியார், நாடார், ராவுத்தர் எனப் பல வியாபாரக் குடும்பங்கள் சாலையில் அமர்ந்தன. நெசவுக்காகக் கொண்டுவரப்பட்ட தமிழ்ச் சாலியர்கள் கொஞ்சம் தெற்கே பாலராமபுரத்தில் தறி போட்டார்கள். இன்று கேரளம் கொண்டாடும் அந்தக் கசவுத்துணி அவர்கள் கையிலிருந்து வந்தது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அரசவையில் இருந்தார். பிடில் கர்நாடக சங்கீதத்தில் வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

கோபுரம் நம்ம ஊர்க் கோபுரம் மாதிரியே இருக்கே, கேரளக் கோயில்னு சொல்றாங்க?

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். கேரளக் கோயில்களில் இப்படி உயர்ந்த கோபுரம் அபூர்வம். இங்கே கிழக்குக் கோபுரம் 7 நிலை, ஏறக்குறைய 100 அடி, பாண்டிநாட்டுப் பாணி. உள்ளே சீவேலிப்புரையின் (சாமி வலம்வரும் பிராகார மண்டபம்) கல்தூண்களும் குலசேகர மண்டபத்தின் இசைத்தூண்களும் சுசீந்திரத்தையும் நெல்லையையும் நினைவுபடுத்தும். மூலவரோ கல் சிற்பம் இல்லை. 12,008 சாளக்கிராமங்களைக் கடுசர்க்கரை யோகம் என்ற மூலிகைச் சாந்தில் பதித்துச் செய்த திருமேனி. முகம், நாபி, பாதம் மூன்றையும் மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க முடியும். நம்மாழ்வார் பாடிய திவ்யதேசம் இது என்பதை மறந்துவிட வேண்டாம். தமிழ்ப் பாசுரம் இந்த ஊருக்கு மார்த்தாண்ட வர்மாவுக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே வந்துவிட்டது.

மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் சாயங்காலம் கிழக்கே நின்றால், மறையும் சூரியன் கோபுரத்தின் சாளரங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வருவதைப் பார்க்கலாம். நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர்களிடம் பேசவே தோன்றவில்லை.

உள்ள போக என்ன உடுத்தணும்?

ஆண்கள் வேட்டி, மேலே சட்டையோ பனியனோ கூடாது. பெண்கள் சேலை, செட்டு முண்டு, பாவாடை. சுடிதாரில் வந்தால் மேலே ஒரு முண்டு சுற்றிக்கொள்ள வேண்டும். ஃபோன், பை எல்லாம் வெளியே. இந்துக்களுக்கு மட்டும் அனுமதி. நடை திறக்கும் நேரம் ஒரு நாளில் பலமுறை மாறும், அதனால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளத்துக்கு எதிரே ஒரு கடிகாரத்துல ரெண்டு ஆடு முட்டுதே, அது என்ன?

மேத்தன் மணி. பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி இருக்கிற 19ஆம் நூற்றாண்டுக் கடிகாரம். தாடி வைத்த ஒரு முகம், இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கிடாய். மணி அடிக்கும்போது வாய் திறக்கும், கிடாய்கள் வந்து கன்னத்தில் முட்டும். குழந்தைகளோடு வந்தால் அடுத்த மணி அடிக்கும்வரை காத்திருங்கள்.

குதிரை மாளிகையில அப்படி என்ன இருக்கு? டிக்கெட் எடுத்து பார்க்கணுமா?

பார்க்கத்தான் வேண்டும். புத்தன் மாளிகை என்பது அதன் பெயர். சுவாதித் திருநாள் (1813 முதல் 1846 வரை) கட்டியது. கூரையைத் தாங்கும் மரத்தாங்கிகளில் 122 குதிரைகள் செதுக்கியிருக்கின்றன, அதனால் குதிரை மாளிகை. அவர் 33 வயதில் இறந்துபோனார். அதன்பின் மாளிகை நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. ஜனவரியில் அதன் முற்றத்தில் திறந்தவெளியில் சுவாதி சங்கீத விழா நடக்கும்.

நவராத்திரிக்கு நம்ம சுசீந்திரத்து அம்மன் எதுக்கு அம்புட்டுத் தூரம் போறா?

முன்பு நவராத்திரி பூஜை பத்மநாபபுரத்தில் நடந்தது. தலைநகர் மாறியபின் விழாவும் இங்கே மாறியது, ஆனால் தெய்வங்கள் தங்கள் ஊரை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் வருஷாவருஷம் புறப்பட்டு வந்து திரும்பிப் போகிறார்கள். பத்மநாபபுரத்துத் தேவாரக்கெட்டு சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை என மூவர். சரசுவதி கம்பர் வழிபட்ட திருமேனி என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பத்மநாபபுரம் கொட்டாரத்தில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றி ஊர்வலம் தொடங்கும். குழித்துறை, நெய்யாற்றின்கரை என்று தங்கித் தங்கி வரும். இரண்டு மாநிலப் போலீசாரும் மரியாதை செலுத்துவார்கள்.

வந்து சேர்ந்ததும் சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலை அம்மன் கோயிலிலும், நங்கை செந்திட்டை பகவதி கோயிலிலும் இருப்பார்கள். மேலே சொன்னேனே, கோட்டையும் சாலையும் ஒன்றில்லாமல் மற்றது இல்லை என்று; தெய்வங்களுக்கு இடம் கொடுத்ததிலும் அப்படித்தான். கரமனையில் ஊர்வலம் வரும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் நிறைநாழியும் (நெல் நிறைத்த படி) விளக்கும் வைத்துக் காத்திருப்பார்கள். என் பாட்டி "நம்மூர்ல இருந்து ஆள் வந்தாச்சு" என்பாள். அந்தச் சொல்லை என்னால் இன்றும் கண் கலங்காமல் சொல்ல முடியாது.

நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது இரவும் கச்சேரி உண்டு, சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள்தான் பிரதானம். ஓசை அதிராமல் இருக்க மேற்கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கைதட்டல் கிடையாது. பெண்கள் பாட இடமில்லாமல் இருந்த அந்த மண்டபத்தில் 2006இல் பாறசாலை பொன்னம்மாள் முதன்முதலாகப் பாடினார். அவ்வளவு காலம் அது நடக்காமல் போனதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

சாமி ஊர்வலத்துக்கு ஏர்போர்ட்டையே மூடுவாங்களாமே, நெசமா?

நிஜம். வருஷத்துக்கு இரண்டு உற்சவம். பெயரைக் கேட்டாலே நமக்குப் புரியும்: அல்பசி, பைங்குனி. நம்முடைய ஐப்பசியும் பங்குனியும்தான். பத்தாம் நாள் ஆறாட்டுக்கு, அதாவது தீர்த்தவாரிக்கு, சாமி மேற்கே கோட்டை வாசல் வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போவார். அந்த வழியில்தான் விமான ஓடுபாதை வந்துவிட்டது. அதனால் அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிட்டு, ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து போகும். ராஜகுடும்பத்துத் தலைவர் கையில் வாளோடு கூடவே நடப்பார். அன்று உங்களுக்கு விமானம் இருந்தால் நேரத்தை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

முந்தின இரவு பள்ளிவேட்டை, சாமி வேட்டைக்குப் போகும் சடங்கு. அதற்குப் போகும் ஊர்வலத்தில் மேளம் இல்லை, பேச்சும் இல்லை. ஆறாட்டைவிட அந்த மௌனம்தான் எனக்குப் பிடிக்கும்.

ராஜராஜன் சொன்ன காந்தளூர்ச்சாலை இந்தச் சாலைதானா?

"காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்று ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வருகிறதே, அதைக் கேட்கிறீர்கள். சாலையை ஒட்டிய வலியசாலை மகாதேவர் கோயிலுக்குக் காந்தளூர் என்ற பெயர் உண்டு. அந்த இடம்தான் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வேறு இடம் சொல்பவர்களும் உண்டு. 'கலம்' என்பது கப்பலா, உண்கலமா என்ற வாதமும் முடியவில்லை. கப்பல்களை அழித்தான் என்று ஒரு பொருள். அங்கே உணவு பெறுகிறவர்களின் கணக்கை வரையறுத்தான் என்று இன்னொரு பொருள்.

சாலை என்பது வெறும் பாதை இல்லை, வேதமும் பிற கல்வியும் கற்பித்த இடம் என்பதற்கு நம்ம மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் 95 சட்டர்களுக்கு (மாணவர்கள்) ஒரு சாலை அமைத்தான். அதன் செப்பேடு காந்தளூரின் முறைப்படி என்று சொல்கிறது. அப்படியென்றால் அதற்கு முன்பே காந்தளூர்ச் சாலை பெயர்பெற்றிருந்தது. வலியசாலைக்குப் போனால் கோயிலை நிதானமாகச் சுற்றுங்கள். பெரும்பாலும் கூட்டம் இருக்காது.

பி கல்லறையில பேய் இருக்கா, பாம்பு இருக்கா? யூடியூப்ல பார்த்தேன்.

முதலில் அந்தச் சொல்: இங்கே கல்லறை என்றால் கல்லால் ஆன அறை. சமாதி இல்லை. நிலவறை என்று சொன்னால் நமக்குக் குழப்பம் வராது. 2011இல் உச்சநீதிமன்ற உத்தரவுப்படி பத்மநாபசுவாமி கோயிலின் மற்ற நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தார்கள், பி அறையைத் திறக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் நியமித்த வினோத் ராய் குழுவின் தணிக்கை, அந்த அறை 1990க்குப் பிறகு பலமுறை திறக்கப்பட்டிருக்கிறது என்றது. ராஜகுடும்பம் அதற்கு மறுப்புச் சொன்னது. 2020 ஜூலையில் வந்த தீர்ப்பு, கோயிலை நிர்வகிப்பதில் ராஜகுடும்பத்தின் உரிமையை ஏற்றது. பி அறையைத் திறப்பதா வேண்டாமா என்பதைக் குழுக்களின் முடிவுக்கு விட்டது.

பொக்கிஷம் பார்க்க ஆசையென்றால் கோட்டைக்குள்ளேயே ஆவணக்காப்பகத்தின் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் இருக்கிறது. மதிலகம் ஆவணங்கள் என்று கோயில் கணக்குகள் லட்சக்கணக்கான ஓலைகளாக எஞ்சியிருக்கின்றன. எந்த நாளில் எவ்வளவு நெல் வந்தது, யாருக்கு என்ன படி என்பது வரை எழுதிவைத்த ஊர் இது. பாம்புக் கதையைக் கேட்டுவிட்டு ஓலையைப் பார்க்காமல் போகிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

முன்னாடி நம்ம ஆட்களை அந்தத் தெருவுலயே விடமாட்டாங்களாமே? அதை ஏன் யாரும் சொல்றதில்ல?

சொல்லத்தான் வேண்டும். கோயிலைச் சுற்றிய தெருக்கள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பிறப்பைப் பார்த்து நிறுத்தினார்கள். ஊட்டுப்புரைச் சோறும் பிராமணர்களுக்கு மட்டும்தான். 1893இல் வெங்ஙானூரைச் சேர்ந்த, ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் அய்யன்காளி தலைப்பாகையோடு வில்வண்டியில் ஏறிப் பொதுவழியில் போனார். பின்னர் பாலராமபுரத்தில் சாலியத் தெருவில் அடிதடி வரை போனது. 1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேச அறிவிப்பை வெளியிட்ட பிறகுதான் கோயில் வாசல் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது.

கோபுரத்தின் அழகைச் சொல்லும் வாயாலேயே இதையும் சொல்லித்தான் நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். சாலையின் கதை கொஞ்சம் வேறு. சந்தைக்குச் சரக்கு கொண்டுவருகிறவனையும் சுமை தூக்குகிறவனையும் விலக்கிவைத்து வியாபாரம் நடக்காது. ஜும்மா பள்ளியும் சபாபதி கோயிலும் அம்மன் கோயிலும் ஒரே கடைத்தெருவில் இருப்பது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

பொங்காலை அன்னிக்கு வந்தா ரெண்டையும் சேர்த்துப் பார்த்திடலாமா?

பெண்கள் ஆற்றுகால் அம்மனுக்குப் பொங்காலை (பொங்கல்) இட வந்தால் வாருங்கள். ஊர் பார்க்க அன்று வராதீர்கள். ஆற்றுகால் கோயிலில் தொடங்கிக் கோட்டை, சாலை, தம்பானூர் என்று கண்ணுக்கெட்டியவரை அடுப்புதான். 2009இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் பதிவானது. அதற்கு முந்தின வாரத்தில் வந்தால் சாலையைப் பார்க்கலாம்: மண்பானை மலைபோல் குவிந்திருக்கும். மதுரையை எரித்த கண்ணகி கொடுங்கல்லூர் போகும் வழியில் கிள்ளியாற்றங்கரையில் தங்கிய இடம் ஆற்றுகால் என்பது ஐதீகம். பத்து நாளும் அவள் கதையைத்தான் தோற்றம்பாட்டாகப் பாடுகிறார்கள். மலையாளத்தில் பாடினாலும் கோவலன் பெயர் உங்கள் காதில் விழும்.

சாலை எல்லாம் போச்சு, இனிமே மால்தான்னு சொல்றாங்களே?

2021 டிசம்பரில் ஆக்குளம் பக்கம் லூலு மால் வந்தது உண்மை. வண்டி நிறுத்த இடமில்லை, மழையில் நடக்க முடியாது, சில பழைய கடைகள் பூட்டியாயிற்று. எங்கள் கடையும் முன்பிருந்த அகலத்தில் இப்போது பாதிதான். எங்கள் வரிசைக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கட்டிடத்தை ஒரே இரவில் இடித்துவிட்டுப் பெட்டிமாதிரி ஒன்றைக் கட்டினார்கள். அதன் மரச்சட்டங்கள் விறகு விலைக்குப் போனதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆனாலும் கல்யாணத்துக்கு உருளி வேண்டும் என்றால், கோயிலுக்கு மணி வார்க்க வேண்டும் என்றால், வைத்தியர் எழுதிக்கொடுத்த அங்காடி மருந்து வேண்டும் என்றால் இன்னும் இங்கேதான் வருகிறார்கள். தோவாளைப் பூ நிற்கவில்லை. ஓணத்துக்கு இந்த ஊர் போடும் அத்தப்பூக்களத்தில் பாதி நம்ம பூதான்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எப்படிப் போகணும்?

நாகர்கோவிலிலிருந்து முதல் வண்டியைப் பிடித்துத் தம்பானூரில் இறங்குங்கள். நடக்கும் தூரம்தான். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடையுங்கள். அந்தக் கோயிலை ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் நிர்வகிக்கிறது. பிறகு கோட்டை வாசல், தரிசனம், மேத்தன் மணி, குதிரை மாளிகை (திங்கட்கிழமை விடுமுறை). வெயில் ஏறும் முன் புத்தன் தெருவில் ஒரு நடை. வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், திண்ணையைப் படம் எடுக்கக் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

மதியம் சைவம் என்றால் சத்யா (வாழையிலை விருந்து) சாப்பிட்டுப் போளியைப் பால்பாயசத்தில் ஊறவைத்துச் சாப்பிடுங்கள். அந்தப் பழக்கத்தைத் திருவனந்தபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பார்க்கலாம். அசைவம் என்றால் சாலைக்குள் ரஹ்மானியா, 1949 முதல் கோழி வறுக்கிறார்கள், கேத்தல்ஸ் என்று கேட்டால் வழி சொல்வார்கள். சாயங்காலம் சாலையில் நடந்து ஆரியசாலை, வலியசாலை பார்த்துக் கிள்ளிப்பாலத்தில் முடியுங்கள். முந்தின நாளே வந்து தங்க முடிந்தால் விடியும் முன்னே சாலைக்கு வாருங்கள். தோவாளைப் பூக்கூடைகள் இறங்கும்போது ஈரச்சாக்கு மணமும் பிச்சி மணமும் சேர்ந்து வரும். அங்கே நின்று யாரிடம் வேண்டுமானாலும் தமிழில் பேசலாம்.